வேலிக்கு வெளியே புதைத்த கோவேறு கழுதைகள்

லெட்பெட்டர் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் கோவேறு கழுதை வளர்த்துப் பிழைத்தவர்கள். அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பக்கத்தில் அவர்களுடைய மேட்டில் கழுதை என்று சொன்னால் கோவேறு கழுதைதான். மற்றக் கழுதையை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

மேட்டின் உச்சியில் குடும்பக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சுற்றிலும் துருப்பிடித்த கம்பி வேலி. வேலிக்கு உள்ளே பேரும் தேதியும் வெட்டிய கற்களின் கீழ் லெட்பெட்டர்கள் படுத்திருக்கிறார்கள். வேலிக்கு வெளியே, கிழக்குப் பக்கம், தேவதாரு மரத்தடியில் பெரிதும் சிறிதுமாக ஆறு மொட்டைக் கற்கள். பேர் இல்லை, தேதி இல்லை, ஒரு சிலுவைக் கோடுகூட இல்லை. அவை யாருடையவை என்று எந்தப் பிள்ளை கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். ஹிராம் தாத்தாவின் கழுதைகள். மனிதர் மிருகங்கள்மேல் உயிரையே வைத்திருந்தாராம். செத்த ஒவ்வொன்றையும் புதைத்துக் கல் நட்டாராம்.

ஹிராம் தம் இரண்டாவது மனைவிக்குக் கல் நடப் பத்து வருஷம் எடுத்துக்கொண்டவர். கழுதைக்கு மட்டும் உடனுக்குடன் நட்டார் என்பதில் யாருக்கும் ஆச்சரியம் ஏற்படவில்லை. மேட்டில் கழுதையின் மதிப்பு அப்படி. வருஷா வருஷம் மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கல்லறைகளுக்குப் பூ வைத்து அலங்கரிக்கும் நாளில், யாராவது ஒரு குறும்புக்காரன் அந்த மொட்டைக் கற்களில் கல்லுக்கு ஒரு பிளாஸ்டிக் பூவைச் செருகிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வான். எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு கோழி வறுவல் சாப்பிடப் போவார்கள்.

நெல்டா லெட்பெட்டர் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். இரண்டு தலைமுறைப் பிள்ளைகளைப் பின்பக்கக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே வளர்த்தவள். எந்தக் காது எந்த வீட்டிலிருந்து வந்தது, எந்த முகவாய் எந்தப் பெரியப்பாவுடையது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சிலருடைய காது எந்த வீட்டிலிருந்து வந்திருக்கக் கூடாது என்பதும் தெரியும். அதை அவள் வெளியே சொல்வதில்லை. அதனால்தான் அத்தனை வருஷம் வேலையில் நீடித்தாள். ஒவ்வொரு நாளும் வண்டியைப் பூட்டும் முன் கடைசி இருக்கைவரை நடந்து போய், தூங்கிப்போன பிள்ளை ஏதாவது சுருண்டு கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பேருந்து நிறையப் பிள்ளைகளைப் பார்த்தே அவளுக்கு அலுத்துவிட்டது என்று உறவுக்காரர்கள் காரணம் சொல்லிக்கொண்டார்கள். அவளை யாரும் கேட்கவில்லை.

இடுப்பெலும்பு மாற்றிய பிறகு வண்டியில் ஏற முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்தவள் வம்சம் தேட ஆரம்பித்தாள்.

அமெரிக்காவில் வம்சம் தேடுகிறவர்களுக்கு முதல் மாதத்திலேயே ஒரு ராஜா கிடைத்துவிடுவார். நெல்டாவுக்கும் கிடைத்தார். இங்கிலாந்து ராஜா. முன்பின் தெரியாத யாரோ ஒருவர் கணினியில் போட்டு வைத்திருந்த வம்ச மரத்தின் கிளையில் தன் கிளையை ஒட்டவைத்தாள். ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை விருந்தில் சொன்னபோது அவளுடைய பெரியப்பா மகன் கார்லண்ட் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் மனைவி டோவி தபாலில் ஒரு சிங்கக் கேடயம் வரவழைத்துக் குளிர்பதனப் பெட்டிக்கு மேலே மாட்டினாள். ராஜாவுக்கு ஆதாரம் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆதாரம் கேட்கும் பழக்கம் அந்தக் குடும்பத்துக்கு மஹாலா விஷயம் வந்த பிறகுதான் ஏற்பட்டது.

மஹாலா, ஹிராமின் முதல் மனைவி. நெல்டாவின் தாத்தாவுக்குப் பாட்டி. அவள் அமெரிக்கப் பூர்வகுடியான செரோக்கி இனத்து இளவரசி என்பது குடும்பத்தில் எல்லோரும் அறிந்த விஷயம். மேட்டுக் குளிர் தாங்காமல் தன் ஜனங்களிடமே திரும்பிப் போய்விட்டாளாம். போகும்போது வைலி என்ற மகனை விட்டுவிட்டுப் போனாள். ஹிராமின் இரண்டாவது மனைவிக்குப் பிள்ளை இல்லை. ஆகவே மேட்டில் இருக்கும் லெட்பெட்டர் அத்தனை பேரும் வைலியின் வழி வந்தவர்கள், அத்தனை பேருக்கும் இளவரசி ரத்தம். அந்த மலைப்பக்கத்தில் வீட்டுக்கு ஒரு செரோக்கி இளவரசி உண்டு. கூட்டிப் பார்த்தால் அந்த இனத்தில் சமைக்கவும் தண்ணீர் எடுக்கவும் ஆளே இருந்திருக்க முடியாது. சந்தேகப்பட்டவர்களிடம் லெட்பெட்டர்கள், அந்த இனத்தின் அடையாளம் என்று, தங்கள் தூக்கலான கன்னத்து எலும்பைக் காட்டுவார்கள். வாழ்க்கைப்பட்டு வந்த டோவிகூட, வந்து முப்பது வருஷம் ஆன உரிமையில், தன் கன்னத்து எலும்பைக் காட்டுவாள்.

எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் பூர்வீகம் சொல்லும் கம்பெனி ஒன்று இருக்கிறதல்லவா, அந்தக் குப்பியைக் கிறிஸ்துமஸ் பரிசாக நெல்டாவுக்கு வாங்கிக் கொடுத்தவளும் டோவிதான். இளவரசியை அச்சில் பார்க்க வேண்டும் என்ற ஆசை.

முடிவு வந்த அன்று நெல்டா சமையலறை மேசை முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். செரோக்கி என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. மேற்கு ஆப்பிரிக்கா என்ற இடத்தில் கொஞ்சம் இருந்தது. தாத்தாவுக்குப் பாட்டி ஒருத்தி கொடுத்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு.

அடுத்த ஞாயிறு விருந்தில் அதையும் சொன்னாள். ராஜாவைச் சொன்ன அதே குரலில்தான் சொன்னாள். கம்பெனிக்காரன் குப்பியை மாற்றிவிட்டான் என்றார் ஒருவர். தபால் வண்டியில் வெயில் பட்டு எச்சில் கெட்டிருக்கும் என்றார் இன்னொருவர். செரோக்கிகளே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களாக இருக்கலாமே என்று டோவி தன்னால் முடிந்த உதவியைச் செய்தாள். கார்லண்ட் ஏற்கெனவே உப்புப் போட்ட சோளக்கதிருக்கு மறுபடி உப்புப் போட்டான்.

ஒரு மாதம் கழித்து நெல்டாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது.

"மிஸ் நெல்டாங்களா? என் பேரு லூஷியஸ் மினார்ட். லெக்ஸிங்டன்ல முடிவெட்டுற கடை வெச்சிருந்தவன். அந்த எச்சில் கம்பெனி நாம ரெண்டு பேரும் சொந்தம்னு சொல்லுது. நான் கறுப்பன். நீங்க போனை வைக்கணும்னா இப்பவே வெச்சிடலாம், நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

"வைக்கல. அடுப்புல பீன்ஸ் இருக்கு. அதை இறக்கி வெச்சிட்டு வரேன், இருங்க," என்றாள் நெல்டா.

பீன்ஸை இறக்கி வைத்துவிட்டு வந்து கேட்டாள். லூஷியஸின் பூட்டி பேர் ஜில்ஃபா. ஜில்ஃபா மஹாலாவின் மகள், வைலியின் தங்கை. மஹாலா பள்ளத்தாக்குப் பண்ணை ஒன்றில் அடிமையாகப் பிறந்து, விடுதலைக்குப் பிறகு மேட்டுக்கு வந்து ஹிராமோடு குடித்தனம் செய்தவள். அந்தக் காலச் சட்டம் அதைக் கல்யாணம் என்று ஒத்துக்கொள்ளாது. அவர்கள் சட்டத்தைக் கேட்கவில்லை. மஹாலா செத்து, ஹிராம் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியை மறுமணம் செய்தபோது, வெளுப்பாக இருந்த வைலி வீட்டில் தங்கினான். கறுத்திருந்த ஜில்ஃபா நகரத்துக்கு, துணி வெளுத்துப் பிழைத்த சித்தி ஒருத்தியிடம், அனுப்பப்பட்டாள். அவள் கடைசிவரை தன் பேரப்பிள்ளைகளிடம் சொன்னது ஒன்றுதான். அம்மா மேட்டில் தேவதாரு மரத்தடியில் இருக்கிறாள், தக்காமல் போன ஐந்து குழந்தைகளும் அவள் பக்கத்தில் இருக்கிறார்கள்.

"ஒண்ணு கேக்கணும், மிஸ் நெல்டா. அந்த எடத்துல தரையோட படர்ற நீலப்பூக் கொடி ஏதாச்சும் இருக்குதா? ஜில்ஃபா தன் கையால நட்டதாச் சொல்லுவாங்க."

இருக்கு என்றாள் நெல்டா. கல்லறைத் தோட்டத்துப் புல்லை வருஷா வருஷம் கார்லண்ட்தான் வெட்டுவான். வெட்டாமல் விடுவது ஒரே ஓர் இடம், கழுதைக் கற்களைச் சுற்றி. அங்கே நீலப்பூக் கொடி அடர்ந்து படர்ந்து இயந்திரத்தின் தகட்டில் சிக்கும் என்று ஒவ்வொரு வருஷமும் திட்டுவான்.

இது நடந்தது மார்ச் மாதம். ஏப்ரலில் கார்லண்ட் புது வேலித் திட்டத்தை அறிவித்தான். துருப்பிடித்த பழைய கம்பியை எடுத்துவிட்டு, பழைய எல்லையிலேயே இரும்புத் தூண் நட்டு, கான்கிரீட் ஊற்றி, வலைக்கம்பி போடுவது. அலங்கார ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை எல்லோரும் மண்வெட்டியோடு வந்துவிட வேண்டும். கிழவர்களால் இப்போதெல்லாம் அடிவாரத்திலிருந்து ஏறி வர முடியவில்லை. அதனால் வேலிக்கு வெளியே கிழக்குப் பக்கத்தை மண்தோண்டி இயந்திரத்தால் சமப்படுத்தி, ஜல்லி கொட்டி, வண்டி நிறுத்த இடம் செய்வது. அங்கே இருக்கும் கற்களைப் பிடுங்கி ஓர் ஓரமாக அடுக்கிவிடலாம்.

எல்லோருக்கும் நல்ல யோசனையாகப் பட்டது. நெல்டாவுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. மஹாலாவின் நெஞ்சின்மேல் உறவுக்காரர்களின் சரக்கு வண்டிகள் வரிசையாக நிற்கப் போகின்றன. கான்கிரீட் இறுகிய பிறகு அந்த வேலியை யாரும் தள்ளிப் போடப் போவதில்லை.

கார்லண்டின் கொட்டகைக்குப் போனாள். அவன் டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தான். பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. பூட்ஸைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்த லெக்ஸிங்டன் ஆளை நீ பாத்திருக்கியா?" என்று பூட்ஸ் கேட்டது.

"இல்ல."

"ராஜா கதையையும் உனக்கு இப்படித்தான் முகம் தெரியாத ஒருத்தன் சொன்னான்."

"அப்ப நீ ஒரு கேள்வி கேக்கலையே கார்லண்ட்."

அவன் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டான். அவனுக்குக் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கழுதைன்னு எனக்குச் சொன்னது எங்கப்பா. அவருக்குச் சொன்னது அவங்கப்பா. செத்துப்போன மனுஷங்களைப் பொய்யனாக்கச் சொல்றியா நீ?"

"நான் யாரையும் ஆக்கச் சொல்லல. முப்பது வருஷம் வண்டி ஓட்டினேன். பின் சீட்டைப் பாக்காம ஒரு நாளும் பூட்டினதில்ல. அவ்வளவுதான்."

கார்லண்ட் ஒரு நிபந்தனை சொன்னான். எச்சில் குப்பியை அவன் நம்ப மாட்டான். போனில் பேசுகிறவனையும் நம்ப மாட்டான். ஆர்வில் சித்தப்பாவின் கம்பி சொன்னால் நம்புவான். அங்கே கிடப்பது மனுஷர்கள் என்று சித்தப்பா சொல்லட்டும், அந்தக் கற்களும் உள்ளே வரும்படி வேலியைத் தள்ளிப் போடுகிறேன் என்றான்.

ஆர்வில் சித்தப்பா இருவருக்கும் பொதுவானவர். நெல்டாவின் அப்பாவுக்குத் தம்பி. துணி மாட்டும் கம்பி இரண்டை வளைத்துக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நடப்பார். அடியில் தண்ணீர் ஓடினாலோ, மண் கிளறி மூடிய குழி இருந்தாலோ கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொள்ளும். தாண்டியதும் பிரியும். அந்த வட்டாரத்துக் கிணறுகளில் பாதி அவர் காட்டியவை. பேர் அழிந்துபோன கல்லறைகளைக் கண்டுபிடிக்கவும் அவரைத்தான் அழைப்பார்கள். இது சாத்தானுடைய வேலை என்று ஊர்ப் பாதிரியார் வருஷத்துக்கு ஒரு தடவை பிரசங்கம் செய்வார். பாதிரியார் வீட்டுக் கிணற்றையும் ஆர்வில்தான் காட்டினார். அது தனி விஷயம்.

ஆனால் ஆர்விலும் கழுதைக் கட்சிதான். நெல்டா போய்க் கேட்டபோது, கழுதை புதைத்த குழியானாலும் கம்பி வெட்டும், மனுஷன் புதைத்த குழியானாலும் வெட்டும், அதற்கு இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார். வருகிறேன் என்று மட்டும் ஒத்துக்கொண்டார். அவள் வண்டிக்குத் திரும்பி நடக்கையில், கம்பி என்ன சொல்கிறதோ அதைத்தான் சொல்வேன், உனக்காகவும் வளைக்க மாட்டேன், கார்லண்டுக்காகவும் வளைக்க மாட்டேன் என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்.

நெல்டா லூஷியஸுக்கு போன் செய்து சனிக்கிழமை வரச் சொன்னாள். அவர் வருவதை வீட்டார் யாரிடமும் சொல்லவில்லை. தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை.

சனிக்கிழமை காலை. மேட்டில் சரக்கு வண்டிகள், மண்வெட்டிகள், கான்கிரீட் கலக்கும் உருளை. பழைய எல்லை நெடுக கார்லண்ட் நூல் கட்டியிருந்தான். தார்ப்பாய் நிழலில் பலகை போட்டு, அலுமினியத் தாள் மூடிய தட்டுகளை டோவி அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்போது துடைத்துப் பளபளவென்றிருந்த ஒரு கார் மெதுவாக ஏறி வந்து நின்றது. கஞ்சி போட்ட சட்டையில் எழுபது வயசுக் கறுப்பர் ஒருவர் இறங்கினார். கையில் ஒரு கேக் பெட்டி.

கான்கிரீட் உருளை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மற்ற எல்லாம் நின்றது.

நெல்டா போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள். "இவர் மிஸ்டர் மினார்ட். மஹாலாவோட பொண்ணு வழி. நான்தான் வரச் சொன்னேன்," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

அந்த மேட்டில் ஒருவரை விரட்டலாம், முறைக்கலாம், துப்பாக்கியைக்கூட எடுக்கலாம். ஆனால் பலகாரத்தோடு வந்தவரை நிற்க வைத்துப் பேசக் கூடாது. டோவி சங்கடப்பட்டு நெளிந்தாள். கடைசியில் அவளுடைய கைகள் அவளைக் கேட்காமலே கேக் பெட்டியை வாங்கிக்கொண்டன. "வெண்ணெய் கேக்கா?" என்று கேட்டாள். தன் மனைவி செய்தது என்றார் லூஷியஸ். நிழலுக்கு வாங்க என்றாள் டோவி.

நெல்டா அவரை அப்போதுதான் முதன்முறையாக நேரில் பார்க்கிறாள். முதலில் அவள் கண்ணில் பட்டது காது. மேல்பக்கம் மடங்கி, தலையைவிட்டு விலகி, காற்றடித்தால் படபடக்கும்போல் நிற்கும் காது. அவருக்குப் பத்தடி தள்ளிக் கார்லண்ட் அதே காதோடு நின்றுகொண்டிருந்தான். எல்லோரும் ஒரு தடவை இங்கே பார்த்தார்கள், ஒரு தடவை அங்கே பார்த்தார்கள். பிறகு எல்லோருக்கும் வானம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

ஆர்வில் சித்தப்பா கம்பிகளை எடுத்தார். முதலில் வேலிக்குள் போய்த் தம் மனைவி கல்லறைமேல் நடந்து பார்த்தார். கம்பி வெட்டியது. தாண்டியதும் பிரிந்தது. தலையாட்டிக்கொண்டு வெளியே வந்தார். நீலப்பூக் கொடிக்குள் கால் வைத்தார். எல்லோரும் கூட்டமாகப் பின்னால் போனார்கள்.

முதல் கல்லருகே கம்பி வெட்டியது. அவர் நடந்தார். ஆளுயரத்துக்கு நடந்த பிறகு பிரிந்தது. தலைமாட்டில் ஒரு குச்சி, கால்மாட்டில் ஒரு குச்சி நட்டார். அடுத்த கல்லுக்குப் போனார். கம்பி வெட்டியது, உடனே பிரிந்தது. ஒரு எட்டு தூரம்கூட இல்லை. திரும்பி வந்து மறுபடி நடந்தார். மறுபடியும் அதேதான். இரண்டு குச்சிகளையும் கிட்டக் கிட்ட நட்டார். மூன்றாவதும் அப்படி. கடைசிக் கல்வரை அப்படித்தான். நீளமாக ஒன்று, அதன் பக்கத்தில் வரிசையாகக் குட்டையாக ஐந்து.

ஆர்வில் கம்பிகளைத் தாழ்த்தினார். கழுதைக் குழியா மனுஷக் குழியா என்று கம்பி சொல்லாது, அவரும் சொல்ல மாட்டார். நெல்டா தன் விரல்களை இறுகக் கோத்துக்கொண்டாள். இவ்வளவுதானா, இதோடு முடிந்ததா என்று நினைத்தாள்.

டோவிதான் வழி கண்டுபிடித்தாள். "இதுல என்ன குழப்பம்? பெருசு தாய்க் கழுதை. சின்னதெல்லாம் அதோட குட்டிங்க."

கூட்டம் மூச்சு விட்டது. சரிதானே என்று நாலைந்து தலைகள் ஆடின. கார்லண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து கழுதைகளோடு வளர்ந்தவன், வாழ்க்கைப்பட்டு வந்தவளைக் கேலி செய்யக் கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவானா?

"இந்த வீட்டுக்கு வந்து முப்பது வருஷம் ஆச்சு, இன்னும் உனக்குக் கழுதையைப் பத்தித் தெரியல பாரு. கோவேறு கழுதை என்னிக்கிடி குட்டி போட்டுச்சு, அது..."

அதோடு நிறுத்தினான்.

அங்கே நின்றவர்களில் அது தெரியாதவர் ஒருவரும் இல்லை. ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. அதற்குப் பிறகு வம்சம் கிடையாது, அதோடு சரி. மேட்டில் இதை ஐந்து வயசுப் பிள்ளைகூடச் சொல்லும். கழுதை விற்றே வீடு கட்டிய குடும்பம் நாலு தலைமுறையாக அந்தக் கற்களைத் தாண்டிப் போய் வந்திருக்கிறது. சிறிதும் பெரிதுமாக அவை நிற்பதைப் பார்த்திருக்கிறது. யாரும் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதற்கும் உழைப்பு வேண்டும். லெட்பெட்டர்கள் உழைப்புக்கு அஞ்சாதவர்கள்.

யாரோ கான்கிரீட் உருளையை நிறுத்தினார்கள். தேவதாருவில் காற்று ஓடும் சத்தம் கேட்டது.

"எங்கப்பா இந்தப் பக்கம் புல்லு வெட்ட வந்தா தொப்பியைக் கழட்டுவாரு," என்றார் ஆர்வில், யாரையும் பார்க்காமல். "வேர்க்குது போலன்னு நெனச்சேன்."

அவர் தம் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். லூஷியஸ் அந்த நீளமான கல்லறையின் கால்மாட்டில் போய் நின்றார். ஏதோ முணுமுணுத்தார். ஜெபமாக இருக்கலாம். ஜில்ஃபா சொல்லி அனுப்பிய சேதியாகவும் இருக்கலாம். நெல்டா தள்ளியே நின்றாள். அவளுக்குக் கேட்கவில்லை, கேட்கவும் முயலவில்லை.

இரண்டு குடும்பத்தார் மண்வெட்டிகளை வண்டியில் எறிந்துவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பிப் போனார்கள். சாப்பிடாமல் போவது என்றால் அந்தப் பக்கத்தில் வருஷக் கணக்கில் பேச்சு வார்த்தை இல்லை என்று அர்த்தம். வண்டிகள் இறங்கிப் போகும் புழுதியை நெல்டா பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வண்டிகளில் இருந்த ஒவ்வொருவரையும் அவள் பள்ளிக்கு ஏற்றிப் போயிருக்கிறாள்.

கார்லண்டும் நடந்தான். தன் டிராக்டரை நோக்கித்தான் நடந்தான். அவனும் போகிறான் என்றே நெல்டா நினைத்தாள். அவன் டிராக்டரைத் தாண்டிப் போய், மூலையில் அடித்திருந்த முளைக்குச்சியைப் பிடுங்கினான். நூலைச் சுருட்டினான். தேவதாருவுக்கு அந்தப் பக்கம் போய் முளையை மறுபடி அடித்தான். மூன்று அடியில் இறங்க வேண்டிய முளைக்குப் பத்து அடி அடித்தான். பிறகு நெல்டாவைப் பார்த்து, "சும்மா நிக்காம அந்த முனையைப் பிடி," என்றான்.

அவள் பிடித்தாள்.

மன்னிப்பு, வருத்தம் என்ற பேச்சே எழவில்லை. கார்லண்ட் அதற்குப் பதிலாக மற்ற எல்லாவற்றுக்கும் முணுமுணுத்தான். தூண் பத்தாது, வலைக்கம்பி பத்தாது, வேலி இப்போது வயிறு தள்ளிய மாதிரி இருக்கப்போகிறது, பார்க்கிறவன் சிரிப்பான். வண்டி நிறுத்துவதற்கு இனி மேற்குப் பக்கம் தன் வைக்கோல் நிலம்தான் மிச்சம், அதில் வரும் புல்லில் ஒரு பங்கு போச்சு. இதையெல்லாம் நெல்டாவிடம் சொன்னான், ஆர்விலிடம் சொன்னான், கான்கிரீட்டிடமும் சொன்னான். அத்தனையையும் சொல்லிக்கொண்டே ஜல்லி லாரிக்காரனுக்கு போன் செய்து, மேற்குப் பக்கம் கொட்டச் சொன்னான். லூஷியஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தூண்களைப் பிடித்தார். தூண் நேராக நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கிருதாவைச் சமன் பார்த்துப் பழகிய கண். நீங்க சொல்றது சரிதான், கொஞ்சம் சாய்ஞ்சுதான் இருக்கு என்று மூன்றாவது தூணில் கார்லண்டே ஒத்துக்கொண்டான்.

டோவி சாப்பாட்டுப் பலகையருகே நின்று தன் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். இளவரசி போனதில் எல்லோரையும்விட அவளுக்குத்தான் நஷ்டம்.

மத்தியானம் தாண்டியது. கிழக்குப் பக்கத் தூண்களெல்லாம் நட்டாயிற்று. அப்போது கார்லண்ட் வரிசைக்கு நடுவே, தேவதாருவுக்கு நேராக, அருகருகே இரண்டு குழிகள் தோண்டுவதை நெல்டா பார்த்தாள். இது எதற்கு என்று கேட்டாள்.

"இன்னொரு கேட்டு," என்றான். உழைத்த முகத்தில் ஒரு பெருமை இருந்தது. காலையிலிருந்து அவனாக யோசித்த ஒரே நல்ல காரியம் அது. "இவங்க ஆளுங்க வந்தா நம்ம பக்கமா சுத்திக்கிட்டு வர வேணாம் பாரு. நேரா இப்படியே உள்ள வந்துடலாம்."

நெல்டா திரும்பி லூஷியஸைப் பார்த்தாள். அவன் மனசார நல்லது நினைத்துத்தான் செய்கிறான். அதுதான் இன்னும் மோசம்.

லூஷியஸ் பிடித்திருந்த தூணை விடவில்லை. "மிஸ்டர் லெட்பெட்டர், நீங்க எந்த வழியா வருவீங்க?"

"நானா? முன் கேட்டு வழியாத்தான்."

"உங்கப்பா?"

"அவரும் அப்படித்தான்."

"அப்ப எங்களுக்கும் அதுவே போதுங்க. என் வயசுக்கு எத்தனையோ எடத்துல கறுப்பருக்குன்னு வெச்ச தனி வாசல்ல நுழைஞ்சாச்சு. இங்க சுத்திக்கிட்டே வரேன்."

அவர் குரலில் கோபம் தெரியவில்லை. கடையில் வாடிக்கையாளரிடம் கழுத்தைக் கொஞ்சம் சாய்க்கச் சொல்வதுபோல் இருந்தது. கார்லண்ட் தான் தோண்டிய இரண்டு குழிகளையும் பார்த்தபடி நின்றான். வெட்கச் சிவப்பு கழுத்தில் ஆரம்பித்து மெல்ல ஏறி அந்தக் காதுகளின் நுனிவரை போயிற்று. பிறகு மண்வெட்டியை எடுத்து முதல் குழியை மூட ஆரம்பித்தான். லூஷியஸ் இன்னொரு மண்வெட்டியை எடுத்து இரண்டாவதை மூடினார். நெல்டா இரண்டின்மேலும் ஏறி மிதித்து மண்ணை இறுக்கினாள். மாற்றிய இடுப்பு வலித்தது. அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை.

"இந்த மிஸ்டர் கிஸ்டர் எல்லாம் வேணாம்," என்றான் கார்லண்ட், மண்வெட்டியைப் பார்த்தபடி. "கார்லண்ட்னு கூப்பிட்டா வரேன்."

"சரி, கார்லண்ட். நாளைக்கு நானும் என் வீட்டுக்காரியும் பூவோட வரோம். அடுத்த வருஷம் ஜில்ஃபா வழி எல்லாரையும் கூட்டிட்டு வரணும்னு நெனைக்கிறேன். சின்னதும் பெருசுமா நாப்பது பேரு தேறும்."

டோவி கோழித் தட்டின் மேலிருந்த தாளைப் பிரிப்பதைப் பாதியில் விட்டுவிட்டு, நாற்பது பேருக்கு எத்தனை கோழி என்று மனசுக்குள் கணக்குப் போடத் தொடங்கினாள். கார்லண்ட் மேற்குப் பக்கம் திரும்பித் தன் வைக்கோல் நிலத்தை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, நெடுநேரம் பார்த்தான்.

"எத்தனை வண்டி வரும்?" என்று கேட்டான்.